டீபக்கரில் இசட்எம்எம்16-க்கு மேல் தப்பான மதிப்பு வருகிறது, உதவி தேவை

பிட்டுளி:
லினக்ஸில் சொந்தமாக ஒரு சின்ன டீபக்கர் (ஓடும் ப்ரோக்ராமை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி) எழுதிக்கொண்டிருக்கிறேன். ப்ராசஸரின் வெக்டர் ரெஜிஸ்டர்களில் எக்ஸ்எம்எம் (128 பிட்), ஒய்எம்எம் (256 பிட்) எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஆனால் 512 பிட் இசட்எம்எம்மில் 16 முதல் 31 வரை சம்பந்தமே இல்லாத மதிப்புகள். அதே பைனரி பழைய மெஷினில் ஒழுங்காக ஓடுகிறது. போதாததற்கு ஒய்எம்எம் ஒன்றை மாற்றி எழுதப் போனால் ஈஃபால்ட் (கர்னல் தரும் பிழை) வேறு. அவசரம், யாராவது சொல்லுங்கள்.

நூல்கண்டு:
எந்த ப்ராசஸர்? ரெஜிஸ்டர்களை எந்த அழைப்பில் எடுக்கிறீர்கள்? பிடிரேஸின் (இன்னொரு ப்ராசஸைக் கண்காணிக்கும் லினக்ஸ் அழைப்பு) கெட்எஃப்பிரெக்ஸ் என்றால் 512 பைட்தான் கிடைக்கும், அதில் ஒய்எம்எம் மேல்பாதியே இருக்காது.

கடைசிபைட்:
கர்னல் உள்ளே எக்ஸ்சேவ்எஸ் (ரெஜிஸ்டர்களை மெமரியில் சேமிக்கும் ப்ராசஸர் கட்டளை) வைத்து, பயன்படாத பகுதிகளுக்கு இடம் விடாத சுருக்கிய வடிவத்தில்தான் சேமிக்கிறது. நீங்கள் விரித்த வடிவம் (ஒவ்வொரு பகுதிக்கும் நிலையான இடம்) என்று நினைத்துப் படிக்கிறீர்கள், அதுதான் விஷயம்.

பழங்கர்னல்:
தவறு. உள்ளே எப்படிச் சேமித்தாலும் பிடிரேஸ் வழியாக விரித்த வடிவமாக மாற்றித்தான் கர்னல் தரும். இன்டெல் மேனுவல் முதல் தொகுதி, 13-ஆம் அத்தியாயம், அதையே படிக்காமல் டீபக்கர் எழுத உட்கார்ந்தால் இப்படித்தான். முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

நூல்கண்டு:
படிக்கச் சொல்வது சரிதான், அதை மரியாதையாகவும் சொல்லலாம். பிட்டுளி, ஒரு சோதனை செய்யுங்கள்: ஒவ்வொரு இசட்எம்எம்மிலும் அதனதன் எண்ணையே நிரப்பி நிறுத்திவிட்டு, என்ன தெரிகிறது என்று போடுங்கள்.

பிட்டுளி:
பிடிரேஸ் கெட்ரெக்செட்தான், எக்ஸ்ஸ்டேட் ரெக்செட் (வெக்டர் ரெஜிஸ்டர்கள் எல்லாம் அடங்கிய தொகுப்பு). இது ஏஎம்டி ஜென் 4, பழையது இன்டெல். 16-இல் 20 தெரிகிறது, 17-இல் 21, இப்படியே 27-இல் 31. 28-இல் முதல் நாலு பைட் ஹெக்ஸில் 55555554.

நூல்கண்டு:
பிடிபட்டுவிட்டது. 55555554 என்பது பிகேஆர்யு என்ற மெமரி பாதுகாப்பு ரெஜிஸ்டருக்கு லினக்ஸ் வைக்கும் தொடக்க மதிப்பு. நீங்கள் இசட்எம்எம்16–31 பகுதிக்கு 1664 என்ற ஆஃப்செட்டை (பஃபரின் தொடக்கத்திலிருந்து உள்ள பைட் தூரம்) கோடிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள், இல்லையா? அது எம்பிஎக்ஸுக்கு (இன்டெல்லின் மெமரி எல்லைச் சரிபார்ப்பு வசதி) இடம் ஒதுக்கிய இன்டெல் அடுக்கு. ஏஎம்டியில் எம்பிஎக்ஸ் கிடையாது, அதனால் அங்கே அந்தப் பகுதி 1408-இலேயே தொடங்குகிறது. வித்தியாசம் 256 பைட், ஒரு ரெஜிஸ்டருக்கு 64, ஆக நாலு ரெஜிஸ்டர் தள்ளிப் படிக்கிறீர்கள். இசட்எம்எம்0 முதல் 15 வரையிலான மேல்பாதியையும் பாருங்கள், அதுவும் எட்டு தள்ளி இருக்கும் (1152-க்குப் பதில் 896). எந்த எண்ணையும் கோடில் எழுதாதீர்கள், சிபியுஐடி (ப்ராசஸர் தன் விவரத்தைச் சொல்லும் கட்டளை) 13-ஆம் லீஃபில் ஒவ்வொரு பகுதிக்கும் ஈஏஎக்ஸ் ரெஜிஸ்டர் அளவைத் தரும், ஈபிஎக்ஸ் ஆஃப்செட்டைத் தரும்.

கடைசிபைட்:
ஆர்ம் பக்கம் இந்தத் தொல்லையே இல்லை. எஸ்விஇ (ஆர்மின் வெக்டர் வசதி) ரெக்செட்டின் ஹெடரிலேயே வெக்டர் நீளத்தை கர்னல் போட்டுக் கொடுக்கிறது, டீபக்கர் ப்ராசஸரைக் கேட்க வேண்டியதே இல்லை.

பழங்கர்னல்:
எஸ்விஇயில் நீளம் த்ரெட்டுக்கு த்ரெட் மாறலாம், அதனால் சொல்லியே ஆக வேண்டும். எக்ஸ்சேவ் அடுக்கை ஹார்டுவேரே சொல்கிறது, கர்னல் எதற்கு அதை இன்னொரு முறை சொல்ல வேண்டும்?

நூல்கண்டு:
கோர் ஃபைலை (ப்ராசஸ் க்ராஷ் ஆகும்போது எழுதப்படும் மெமரி நகல்) வேறு மெஷினில் திறந்தால் எந்த ஹார்டுவேரைக் கேட்பீர்கள்? அங்கே சிபியுஐடி சொல்வது வேறு ப்ராசஸரின் அடுக்கு. அந்தச் சிக்கலுக்காகத்தான் லினக்ஸ் 6.12-இல் கோர் ஃபைலுக்குள்ளேயே அடுக்கு விவரத்தை ஒரு நோட்டாக எழுத ஆரம்பித்தார்கள். ஆக, கர்னல் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

பழங்கர்னல்:
கோர் ஃபைலுக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸுக்குத் தேவையில்லை. அப்புறம் அந்த ஈஃபால்ட்: மாற்றிய பகுதி வரைக்கும் மட்டும் அனுப்பியிருப்பார். ரெஜிஸ்டர்களைத் திருப்பி எழுதும் செட்ரெக்செட்டுக்கு முழு பஃபரும் வேண்டும், ஒரு பைட் குறைந்தாலும் கர்னல் ஏற்காது. 4096 பைட் ஒதுக்கினால் போதும் என்றும் இருந்துவிட வேண்டாம், ஏஎம்எக்ஸ் (இன்டெல்லின் மேட்ரிக்ஸ் கணக்கு வசதி) உள்ள ப்ராசஸரில் மொத்தம் 11,008 பைட் வரும். தாராளமாக ஒதுக்கி கெட்ரெக்செட்டில் எடுங்கள், ஐயோவெக்கில் (பஃபரின் முகவரியும் நீளமும் உள்ள அமைப்பு) கர்னல் திருப்பித் தரும் நீளத்தை அப்படியே வைத்துத் திருப்பி எழுதுங்கள். எக்ஸ்ஸ்டேட்-பிவியில் (எந்தெந்தப் பகுதியில் மதிப்பு இருக்கிறது என்று காட்டும் ஹெடர் புலம்) அந்தப் பகுதியின் பிட்டையும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் எழுதிய மதிப்பு போய்ச் சேராது.

பிட்டுளி:
832 பைட் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது படிப்பது, எழுதுவது இரண்டும் சரியாகிவிட்டது, இரண்டு மெஷினிலும். நன்றி எல்லோருக்கும்.