புதுப்பிப்பு: தொடர்கதை நடுவில் நின்றுபோனால்

வாரம் இரண்டு அத்தியாயம், ஒன்றுக்கு ஆயிரம் சொல் என்று கணக்கு வைத்துத் தொடர்கதை எழுதும் முறையை இந்த இழையில் சொல்லியிருந்தேன். பத்து அத்தியாயத்துக்கு மேல் நகரவில்லை என்று சிலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

பெரும்பாலும் கையிருப்பு இல்லாததுதான் காரணம். ஆறு அத்தியாயம் முடித்து வைத்துக்கொண்டு முதலாவதை வெளியிடுங்கள். இருப்பு மூன்றுக்குக் கீழே போனால் அந்த வாரம் ஒன்று மட்டும் போதும். வாசகரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அன்றன்றைக்கு எழுதி அன்றன்றைக்கே போட்டால், எட்டாவதில் செத்த சித்தப்பா பதினான்காவதில் பந்தியில் உட்கார்ந்திருப்பார். அதற்கு ஒரு அட்டவணை வேண்டும்: பெயர், வயது, உறவு, ஊர், கடைசியாக வந்த அத்தியாயம்.

குரல்வழித் தட்டச்சு முதல் வரைவுக்குச் சரி. ஒற்று விடும், ல-ள-ழ குழம்பும், மேற்கோள் குறி வராது. உரையாடல் நிறைந்த காட்சியைக் கையால் தட்டுவதே மேல். திருத்தம் மறுநாள்தான், எழுதும்போதே சந்திப்பிழை பார்த்தால் காட்சி ஆறிப்போகும்.

முடிந்த தொடரை அமேசானின் கிண்டிலில் மின்னூலாகப் போட்டு, கேடிபி செலக்டில் (மின்னூலை அமேசானுக்கு மட்டும் கொடுக்கும் திட்டம்) சேர்ப்பவர்கள் கவனிக்க: 90 நாள் அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது, இலவசமாகக்கூட. மாதிரிக்கு 10% வரை விடலாம். ஆகவே தொடர் வந்த தளத்திலிருந்து முதலில் எடுத்துவிட்டுச் சேருங்கள். காலம் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் அந்தத் தேர்வை முன்பே நீக்க வேண்டும். அச்சுப் பிரதிக்கு இந்தத் தடை இல்லை.