புதுப்பிப்பு: இஸ்தோப்பு வெடிப்பும் மண்சரிவும், அம்மன் காத்த விதம்

இலங்கையின் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) விழுந்த வெடிப்பு அகன்றுகொண்டே போகிறதே, என்ன செய்வது என்று மழைக்காலத்தில் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சீமெந்து பூசும் யோசனை பயன்படவில்லை, பூசிய இடமே மறுநாள் பிளந்தது. பீலித் தண்ணீர் (மலையிலிருந்து குழாய்வழி வந்து விழும் ஊற்றுநீர்) திடீரெனக் கலங்கினால் ஒரு நிமிடமும் தாமதியாமல் வெளியேறி இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்கும்படி ஒருவர் எழுதியதுதான் எங்களைக் காப்பாற்றியது. அன்றிரவு குடத்தில் செம்மண் குழம்பாகத் தண்ணீர் விழுந்ததைக் கண்டதும், ஆறு குடும்பங்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடினோம். விடிவதற்குள் லயத்தின் பின்சுவர் மண்ணுக்குள் போயிருந்தது, ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. நான் எதிர்பாராதது, மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் பார்வையிட்டு அறிக்கை தரும்வரை, இடியாமல் நின்ற அறைகளுக்கும் திரும்ப முடியாது என்பது. பீலித் தண்ணீரைப் பற்றிய அந்த வரியை இங்கே எழுத வைத்தவள் அம்மன்தான் என்று அம்மா சொல்கிறார், நானும் மறுக்கவில்லை. மாத்தளை முத்துமாரியம்மனுக்கு நேர்ந்த பொங்கலை வெள்ளியன்று வைத்தோம்.