விண்டோஸ் 7இல் தண்டர்பேர்ட் 115க்கு அப்புறம் என்ன?

அச்சகத்து மகன்:
அப்பாவின் அச்சகக் கணினியில் இன்னும் விண்டோஸ் 7தான், 32 பிட். அதை மாற்ற முடியாத நிலைமை, ஏனென்றால் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பழைய தமிழ் எழுத்துருவில் செய்த கல்யாணப் பத்திரிகை, பில் புத்தக ஃபைல்கள் எல்லாம் அதில்தான் திறக்கும், ஸ்கேனருக்கும் அதற்கு மேல் டிரைவர் வரவில்லை. மெயிலுக்குத் தண்டர்பேர்ட் 115. போன வாரம் புதிய பதிப்பை இறக்கிப் பார்த்தேன், நிறுவவே முடியவில்லை. கடிதங்களைச் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிவிடுகிற பாப் கணக்கு என்பதால் 2011 முதல் வந்த கடிதங்கள் அத்தனையும் இந்த ஹார்டு டிஸ்கில் மட்டும்தான், சர்வரில் ஒன்றுகூட இல்லை. விண்டோஸ் 7க்கு இன்னும் அப்டேட் வருகிற மெயில் மென்பொருள் ஏதாவது இருக்கிறதா?

வடகரை:
தேடி அலையாதீர்கள். 2023 ஜூலையில் வந்த 115தான் விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் கடைசி, அடுத்து வந்த 128க்குக் குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்றே விண்டோஸ் 7க்குப் பொது ஆதரவை நிறுத்திவிட்டது, அதற்கு மேல் யார் வேலை செய்வார்கள்?

ஆனால் நாளைக்கே மெயில் நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். சர்வரோடு பாதுகாப்பாகப் பேசும் டிஎல்எஸ் வேலையைத் தண்டர்பேர்ட் விண்டோஸிடம் விடுவதில்லை, என்எஸ்எஸ் என்ற நூலகத்தைத் தன்னோடே கொண்டுவருகிறது, அதனால்தான் பழைய அவுட்லுக் திணறுகிற இடத்திலும் இது இன்னும் இணைகிறது. என் கவலை வேறு. முன்பின் தெரியாதவர் மெயிலோடு அனுப்பும் ஃபைல்களைத் திறப்பதுதான் அச்சகத்தின் அன்றாட வேலை, அதைப் பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்படாத கணினியில் செய்கிறீர்கள். பேஜ்மேக்கர் அங்கேயே இருக்கட்டும், மெயிலை மட்டும் வெளியே எடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
எல்லாவற்றையும், கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துக்கொள்ளும் ஐமேப் வழியாக ஜிமெயிலில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததே?

வடகரை:
15 ஜிபிதான் இலவசம், டிரைவும் போட்டோவும் அதே கணக்கில் சேரும். 2011 முதலான டிசைன் ஃபைல்கள் அதில் எத்தனை நாள் தாங்கும்? ஒரு பிரதி கையில் இருப்பதே நல்லது.

பழைய பெட்டி:
நான் இதைச் செய்து முடித்தவன், சொல்கிறேன். தண்டர்பேர்ட் கடிதங்களை எம்பாக்ஸ் என்ற வெறும் எழுத்துக் கோப்பாகத்தான் வைத்திருக்கிறது, இன்பாக்ஸ் முழுக்க ஒரே ஃபைல். இது பெரிய பாக்கியம், இந்த மென்பொருளே நாளை இல்லாமல் போனாலும் கடிதங்களைப் படித்துவிடலாம். ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போனால் கடிதங்களும் அமைப்புகளும் இருக்கிற ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கும் பட்டன் இருக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது, நான் அரைநாள் இதில்தான் மாட்டிக்கொண்டேன்.

அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட இன்னொரு கணினியில் தண்டர்பேர்ட் நிறுவி, அதன் லோக்கல் ஃபோல்டர்ஸில் இந்த எம்பாக்ஸ் ஃபைல்களைப் போட்டால் கடிதங்கள் வந்துவிடும். முழு ப்ரொஃபைலையும் மாற்றுவதாக இருந்தால் ஒன்று கவனம்: பழைய ப்ரொஃபைலைப் புதிய பதிப்பு திறக்கும், ஆனால் புதியது தொட்டதைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும், ஆகவே மூலத்தைத் தொடாமல் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். வாங்கப்போகும் கணினி 64 பிட்தானா என்றும் பாருங்கள், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கான நிறுவியையே எடுத்துவிட்டார்கள்.

அச்சகத்து மகன்:
ரொம்ப நன்றி அண்ணா. இன்பாக்ஸ் மட்டுமே 5.3 ஜிபி இருக்கிறது, பென் டிரைவைப் பெரிய ஃபைலும் ஏறுகிற என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டுக்கு மாற்றிவிட்டேன், இப்போது காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. மெயிலுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கிவிட்டு, பழைய கணினியின் நெட் கேபிளைக் கழற்றிவிடலாம் என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார். 2014இல் அத்தை கல்யாணப் பத்திரிகைக்கு அனுப்பிய வாசகம் வருமா என்று மட்டும் கேட்டார். காப்பி முடிந்ததும் முதலில் அதைத்தான் தேடப் போகிறேன்.