மார்த்தாண்டத்திலிருந்து டொராண்டோ: அம்மா தனியாகப் போகிறார், உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். ஜூனில் தங்கைக்குப் பிரசவம். 67 வயதான அம்மா முதன்முறையாக விமானம் ஏறுகிறார். தமிழும் மலையாளமும் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. சர்க்கரைக்கு இரவும் காலையும் இன்சுலின் போடுகிறார்.

திருவனந்தபுரத்திலிருந்து டொராண்டோ நேர்கோட்டில் ஏறக்குறைய 13,750 கிலோமீட்டர். துபாய் வழியாகப் போனால் 2,900-க்கு மேல் ஒன்று, 11,000-க்கு மேல் ஒன்று, ஆக 14,000 வருகிறது. சுற்றிப் போவதுபோலத் தோன்றினாலும் 300 கிலோமீட்டர்கூடக் கூடுவதில்லை. அதனால் ராத்திரி முழுக்க ரயிலில் இருந்து சென்னை போய் ஏறுவதைவிட இதுவே நல்லது என்று நினைக்கிறேன். துபாய்க்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து சுமார் 14 மணி நேரம். காத்திருப்பு நான்கு மணி நேரம் என்றால் மொத்தம் 22 தாண்டும். களியக்காவிளை நெரிசலை நினைத்து வீட்டிலிருந்து ஐந்து மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டும்.

என் கவலை அந்த 14 மணி நேரம்தான். கால் வீங்குமே, நடுவில் எழுந்து நடக்கச் சொல்லி யார் நினைவூட்டுவார்கள்? ஜூனில் டொராண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். இன்சுலின் நேரத்தை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்கப்போகிறேன். அப்புறம், பெற்றோரைத் தனியாக அனுப்பிய அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்: சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்தால் துபாயில் அடுத்த விமானத்தின் வாசல்வரை கொண்டுபோய் விடுவார்களா? காத்திருப்பு எத்தனை மணி நேரம் இருந்தால் வயதானவர்களுக்குச் சரியாக இருக்கும்? இந்த வாரமே டிக்கெட் போட வேண்டும்.