நீல டிராகனைக் கரையில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோட்டுக்காரன்:
மழை விட்டால் எங்கள் தக்காளித் தோட்டத்தில் ஓடில்லாத நத்தை ஊரும், உப்பைத் தூவினால் தீர்ந்தது. அதே வகையறாவில் உப்புத்தண்ணீரிலேயே பிழைக்கிற, நீல டிராகன் என்கிற கடல் நத்தை ஒன்று இருக்கிறது என்பது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் ஓய்ந்தபின் சென்னையில் அக்கா வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. பெசன்ட் நகர் கடற்கரையில் குப்பையோடு குப்பையாக நீலமாக ஏதோ கிடந்தது, வெடித்த பலூன் துண்டு என்று நினைத்துக் கையை நீட்டினேன், வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் "தொடாத தம்பி, சொறியை விட மோசம் அது" என்று ஒரு சத்தம் போட்டார். சொறி என்று அவர் சொன்னது ஜெல்லிமீனை.

மணலில் வெறும் கொழகொழப்புதான். அவரே கொட்டாங்குச்சியில் கடல்தண்ணீர் மொண்டு, குச்சியால் அதைத் தள்ளிவிட்டார். அடேயப்பா! கட்டைவிரல் கணு அளவு உடம்பு, இரண்டு பக்கமும் விசிறி விசிறியாக விரல்கள் விரிந்தன, நுனியெல்லாம் மயில்கழுத்து நீலம். நாம் பார்ப்பது முதுகு இல்லை, வயிறாம். காற்றை விழுங்கி மல்லாந்தே மிதக்கும். மேலிருந்து பார்க்கிற பறவைக்குக் கடல் நிறம், கீழிருந்து பார்க்கிற மீனுக்கு முதுகின் வெள்ளி நிறம். பிறகு படித்துப் பார்த்தால், கொட்டும் விஷம்கூட அதன் சொந்தச் சரக்கு இல்லை. 'போர்த்துகீசியப் போர்வீரன்' என்கிற நீலச் சொறியைத் தின்று, அதன் கொட்டும் செல்களை விரல்நுனியில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. திருட்டுச் சொத்து!

ஓசூர்வாசி:
செத்துக் கிடந்தாலும் கொட்டும், ஜாக்கிரதை. காய்ந்துதானே கிடக்கிறது என்று என் தம்பி எடுத்தான், சாயங்காலம் வரை கையை உதறிக்கொண்டே இருந்தான்.

ஊத்தங்கரை:
நான் நீல டிராகனைப் பார்த்ததில்லை. ஆனால் இந்த மாதிரிக் கடல் நத்தைக்குக் கடல் அட்டை என்றுதான் பெயர் என்று நினைத்து, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து "அண்ணே, இங்க கலர் கலரா கடல் அட்டை கிடைக்குமாமே" என்று கேட்டு வைத்தேன், கடையே கப்சிப். அங்கே கடல் அட்டை என்றால் வேறு பிராணி, வெள்ளரிக்காய் போல உருண்டு கிடப்பது, 2001 முதல் பிடிக்கவே தடை. என்னைக் கடத்தல்காரன் என்றே நினைத்துவிட்டார்கள். பேருந்து டிக்கெட்டைக் காட்டி, ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம் என்று சொன்ன பிறகுதான் டீ வந்தது.

அரூர்:
ஒகேனக்கல்லில் தேடினால் கிடைக்குமா?

பாலக்கோட்டுக்காரன்:
அது நடுக்கடலில் மிதக்கிற ஆள், காற்று கரைப் பக்கம் தள்ளினால்தான் ஒதுங்கும். நீங்கள் ஒகேனக்கல்லில் மீன் வறுவலைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.