‘பருமவரிசை’க்கு மாற்றாகப் ‘பதினடுக்கு’

அன்புள்ள நண்பர்களுக்கு,

உயிரியல், வேதியியல், நிலவியல் மாணவர்களுக்கான அறிமுக இயற்பியலில், அளவுகளைப் பத்தின் அடுக்குகளைக் கொண்டு ஒப்பிடும் கருத்துக்குப் (order of magnitude) ‘பருமவரிசை’ என்ற சொல் இங்கே முன்மொழியப்பட்டிருக்கிறது. ‘பருமன்’ (magnitude) இலங்கைப் பாடநூல்களில் வேரூன்றிய சொல் என்பதால் முற்பகுதியில் எனக்குத் தடையில்லை. ‘வரிசை’தான் இடறுகிறது. அணியின் வரிசை, வகைக்கெழுச் சமன்பாட்டின் வரிசை என அச்சொல் கணிதத்தில் ஏற்கெனவே இரண்டு பொருள்களில் வழங்குகிறது. முதல் வரிசைச் சமன்பாட்டைப் படித்து முடித்த மாணவர், அடுத்த பாடத்திலேயே ‘ஒரு வரிசை பெரியது’ என்று கண்டால் எதைப் புரிந்துகொள்வார்?

நான் பரிந்துரைப்பது ‘பதினடுக்கு’: ஒரு பதினடுக்கு என்றால் 10 மடங்கு, இரண்டு என்றால் 100 மடங்கு. ‘அடுக்கு’ பள்ளிக் கணிதத்திலேயே பழகிய சொல். ‘பதின்மம்’ என்பதில் உள்ள ‘பதின்’ அதனோடு இயல்பாகச் சேர்கிறது. ‘பதின்மடங்கு’ என்று வைத்தால், ‘இரண்டு பதின்மடங்கு’ என்பதை 20 மடங்கு என்று படிக்க இடமுண்டு. நாம் சொல்ல வருவதோ 100 மடங்கு. ‘பத்தடுக்கு’ என்றாலோ மாடிக் கட்டடம்தான் நினைவுக்கு வரும்.

கலைச்சொல்லைத் தனியே நிறுத்திப் பார்ப்பதைவிட, பாடத்தின் நடுவே வைத்துப் பார்ப்பதே சரியான சோதனை. நீரில் கரைந்த சிறு மூலக்கூறுகளின் பரவல் குணகம் (அவை எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்பதன் அளவு) ஏறத்தாழ 10⁻⁹ மீ²/வி. ஒரு திசையில் L தொலைவு பரவ ஆகும் காலம், L²-ஐப் பரவல் குணகத்தின் இருமடங்கால் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள செல்லைக் கடக்க 0.05 வினாடி போதும்; 10 செ.மீ. கடக்க 50 லட்சம் வினாடி, அதாவது ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். இதை ‘தொலைவு நான்கு பதினடுக்கு கூடும்போது காலம் எட்டுப் பதினடுக்கு கூடுகிறது’ என்று எழுதினால், தொலைவின் இருமடியைப் பொறுத்துக் காலம் மாறுவதும், பெரிய உடல்களுக்குக் குருதி ஓட்டம் ஏன் தேவைப்படுகிறது என்பதும் அந்த ஒரே வாக்கியத்தில் புலப்படும். உயிரியல் மாணவருக்கு இயற்பியல் தரக்கூடிய மிகச் சிறந்த பயன்களுள் இது ஒன்று என்று நான் கருதுகிறேன். அதனாலேயே இந்தச் சொல்லில் இத்தனை கவனம் வேண்டும் என்கிறேன்.

வேதியியலார்க்கும் இது எளிது: அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் (pH) மதிப்பு 7-லிருந்து 5-க்கு இறங்கினால், ஹைட்ரஜன் அயனிச் செறிவு இரண்டு பதினடுக்கு உயர்கிறது. ‘ஒரே பதினடுக்கில் அமைந்தவை’, ‘பதினடுக்கு மதிப்பீடு’ என்னும் தொடர்களும் உறுத்தவில்லை.

வரையறையில் மட்டும் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். 4 என்ற எண் 10⁰ என்னும் பதினடுக்கைச் சேர்ந்ததா, 10¹-ஐச் சேர்ந்ததா? மடக்கை அளவில் நடுப்புள்ளி √10, அதாவது ஏறத்தாழ 3.16, அதன்படி 4-ஐ 10¹-இல்தான் சேர்க்க வேண்டும். சில நூல்கள் 5-ஐ எல்லையாகக் கொள்கின்றன. பெருக்கலால் ஒப்பிடும் அளவுக்கு √10 என்பதே பொருந்தும் என்பதால், சொல்லை ஏற்பதாக இருந்தால் அந்த எல்லையையும் கலைச்சொல் அகராதியில் இச்சொல்லுக்கான பதிவிலேயே சேர்த்துவிடலாம்.