தீப்பிடித்த பூர்வீக வீடு: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கித்தாக்காட்டான்:
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாத்தா கட்டிய பலகை வீடு. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். போன தீபாவளிக்கு முந்தின வாரம் எரிந்துபோனது. பொம்பா (தீயணைப்புப் படை) வந்தது, அணைத்தது, அந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு மனதை விட்டுப் போகாதது மறுநாள் காலை. சமையற்கட்டில் அலுமினியப் பானைகள் உருகி வழிந்து தரையோடு ஒட்டிக் கிடந்தன. பக்கத்திலேயே பாட்டியின் பித்தளைக் குடம், கறுத்துப்போய், ஆனால் முழுசாக. பொம்பா அடித்த தண்ணீர் அதில் நிறைந்திருந்தது. சித்தப்பா அதில் முகம் கழுவிவிட்டு, "சரி, தகரம் எவ்வளவு தேறும் பாரு" என்றார். இன்னும் எனக்கு அவர்மேல் கோபம்தான்.

லயத்துப் பொண்ணு:
பாவம், சித்தப்பாவைத் திட்டாதீர்கள். அந்த நேரத்தில் யாருக்கு என்ன தோன்றும் என்று சொல்ல முடியாது. எங்கள் வீடு எரிந்தபோது அத்தை நகைப் பெட்டியைத் தாண்டிப் போய், தாத்தாவின் நிலநிதிக் கூட்டுறவுப் பங்குப் புத்தகத்தை எடுத்து வந்தார். தோட்டத் தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்க, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கினாரே, அதில் பத்துப் பத்து வெள்ளியாகக் (ரிங்கிட்) கட்டியது. நகை போச்சு.

வயர்மேன்:
எங்கள் மாமா வீடும் எரிந்தது, அது கிடக்கட்டும். செங்கால் என்கிற கெட்டி மரத் தூண்கள் நிற்கின்றனவா? மேலே பிடித்த கரியே உள்மரத்தைக் காக்கும். பாராங் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே கெட்டியாக இருந்தால் தச்சரிடம் காட்டாமல் வெட்டாதீர்கள். கிராண்ட் (நிலப் பட்டா) எரிந்திருந்தாலும் பயம் வேண்டாம், பதிவேடு நில அலுவலகத்தில் இருக்கும். போலீஸ் புகாரோடு போய், தேசிய நிலச் சட்டப்படி மாற்றுக் கிராண்ட் கேட்கலாம். நிலம் இன்னும் தாத்தா பேரில் என்றால் பேர் மாற்றம்தான் இழுக்கும். காப்புறுதியை வீட்டின் மதிப்புக்குக் குறைத்து எடுத்திருந்தால் இழப்பீட்டையும் அந்த விகிதத்தில் குறைப்பார்கள். பழைய வீட்டு வயருக்கு ரப்பர் உறை. வருஷம் போகப் போகக் காய்ந்து வெடிக்கும், கூரைக்குள் எலி வேறு. முதலில் வயரிங்கை மாற்றுங்கள்.

கோலகெட்டில்காரன்:
எதற்கெடுத்தாலும் வயரிங்கா? எங்கள் வீட்டில் அப்போது கரண்டே கிடையாது. பின்னால் கித்தா (ரப்பர்) ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை, தீ அங்கிருந்துதான் வந்தது. ஷீட் உருகி, எரிந்தபடியே சொட்டுச் சொட்டாக விழும். வாளித் தண்ணீர் ஊற்றினால் அந்தப் பக்கம் திரும்பிப் பற்றும். அப்பா உள்ளே போய் ஷீட்டை இழுத்துப் போடப் பார்த்தார், நான்கு பேர் பிடித்து நிறுத்தினார்கள்.

கித்தாக்காட்டான்:
வயர்மேன் அண்ணே, எரிந்த வீட்டில் எந்த வயரிங்கை மாற்றுவது? தூணையும் சித்தப்பா விற்றாச்சு.